செல்லோவுக்கு எடுத்த டிக்கெட்

செங்கரடு பல்கலைக்கழகப் பெண்கள் குவார்ட்டர்ஸில் ஓர் ஆம்பளை இருக்கிறான் என்பதை முதலில் கண்டுபிடித்தது நான்தான். வேறு யாராவது தான்தான் என்று சொன்னால் நம்பாதீர்கள், அந்த வளாகத்தில் அடுத்தவர் கண்டுபிடிப்பைத் தன் பெயரில் போட்டுக்கொள்கிற ஆட்கள் நிறைய உண்டு. என் பெயர் மங்கையர்க்கரசி, குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர், விலங்கியல் பேராசிரியர் பூதலிங்கத்தின் மனைவி. தவளைகளைப் பற்றிக் கனமான புத்தகம் போட்டு விருதெல்லாம் வாங்கினாரே, அவர்தான். மழைக்காலம் முழுக்கக் குளத்தங்கரையில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, எந்தத் தவளை எப்படிக் கத்துகிறது என்று கேட்டுக் கேட்டு எழுதியது நான், ஏனென்றால் அவருக்குச் சட்டென்று சளி பிடித்துக்கொள்ளும். அது கிடக்கட்டும், கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே பெண்கள் பிளாக்கின் மாடி. அங்கே இருந்தவர் ஹெப்சிபா. நாகர்கோவில் பக்கத்து ஆள், சர்ச் பாடகர் குழுவில் ஆரம்பித்து, ஹங்கேரி வரைக்கும் போய்ப் படித்து, அங்கேயே பெரிய பெரிய வாத்தியக் குழுக்களில் வாசித்து, பிறகு என்ன நினைத்தாரோ, இந்தப் பொட்டல் காட்டுக்கு வந்து எங்கள் இசைத்துறையில் மேல்நாட்டு இசை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அவர் வாசித்தது செல்லோ. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: வயலினைப் போலத்தான் இருக்கும், ஆனால் கிட்டத்தட்ட ஆள் உயரம், தோளில் வைக்க முடியாது, நாற்காலியில் உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு வில்லால் இழுக்க வேண்டும். இழுத்தால் வருகிற சத்தம் இருக்கிறதே, வயலின் மாதிரிக் கீச்சென்று வராது, தொண்டை கனத்த ஓர் ஆம்பளை பக்கத்து அறையில் தனக்குத்தானே பேசிக்கொள்கிற மாதிரி வரும். எனக்கு அப்போதே லேசாகச் சந்தேகம்தான்.

அத்தனை பெரிசாக இருந்ததால் அந்தச் செல்லோவுக்குப் போகிற இடமெல்லாம் தனி டிக்கெட். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, இருந்தாலும் கண்டக்டர் விடமாட்டார். "உங்களுக்கு ஃப்ரீம்மா, பக்கத்துல உட்கார்ந்திருக்காரே, அவருக்கு யார் எடுப்பா?" என்பார், ஹெப்சிபாவும் சிரித்துக்கொண்டே எடுப்பார். ஒருமுறை சென்னையில் கச்சேரி. லக்கேஜில் போட்டால் உடைந்துவிடும் என்று ரயிலில் இன்னொரு பெர்த் கேட்டிருக்கிறார். "வாத்தியத்துக்கு பெர்த் தர ரூல் இல்லை மேடம், ஆளுக்குத்தான், பேர் சொல்லுங்க" என்றாராம் கவுண்டரில் இருந்தவர். பின்னால் வரிசை நெருக்குகிறது. ஹெப்சிபா வாயில் வந்த பெயரைச் சொன்னார்: சாலமோன். ஆணா பெண்ணா? ஆண். வயது? செல்லோவைச் செய்து எத்தனை வருஷமோ அதைச் சொன்னார், தொண்ணூற்றுச் சொச்சம். பெரியவராயிற்றே என்று கவுண்டர்க்காரர் கீழ் பெர்த்தே போட்டுக்கொடுத்தார். ஏ.சி. காற்று மரத்துக்கு ஆகாது என்று ஹெப்சிபா செல்லோவைப் போர்வை போட்டு மூடிப் படுக்கவைக்க, டிக்கெட் பரிசோதகர் வந்து, தன் கையிலிருந்த பட்டியலைப் பார்த்து, போர்வையைப் பார்த்து, "எழுப்ப வேண்டாம், பெரியவர் தூங்கட்டும்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு நகர்ந்தாராம். இதையெல்லாம் நான் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன், விசாரிக்காமல் நான் எதையும் பேசுவதில்லை.

ஊர் திரும்பிய காலையில் ஹெப்சிபா செல்லோவை முதுகில் மாட்டிக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தார். வெயில் பக்கவாட்டில் அடித்தது. தார் ரோட்டில் விழுந்த நிழலில் ஒரு பெண் ஓர் ஆணை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு போனாள். வாட்ச்மேன் சுடலை அதைப் பார்த்து இரண்டு பேருக்குமாகச் சேர்த்து ஒரு வணக்கம் வைத்தான், அவன் சந்தேகப்படத் தெரியாத ஆள். அன்று சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் எதிர் மாடியின் திரைச்சீலையில் நான் பார்த்தேன், சிவசிவா, அகலத் தோளும் ஒடுங்கின இடுப்பும் நீண்ட கழுத்தும் சுருட்டை முடியுமாக ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், பின்னாலிருந்து அவனைக் கட்டிக்கொண்டு, கழுத்தை ஒரு கையால் பிடித்துவிட்டு வயிற்றை மறுகையால் தடவிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார் நம் ஹெப்சிபா. "ஏங்க, இங்க வந்து பாருங்க" என்றேன் எங்கள் வீட்டுக்காரரிடம். அவர் தலையைத் தூக்காமல் "ம்" என்றார். அவர் எதையும் நேரில் பார்க்கிற வழக்கம் இல்லை.

மறுநாள் சங்கத்தின் சார்பில் நாலு பெண்களாகப் போய்க் கதவைத் தட்டினோம்.

"ஹெப்சிபா, உள்ள யார் இருக்கா?"

"நானும் செல்லோவும்தான்க்கா. ஏன், என்ன விசயம்?"

"வேற ஒருத்தரும் இல்லையே?"

"தேடிப் பாத்துக்கிடுங்க," என்று வழி விட்டார்.

கட்டிலுக்கு அடியில் குனிந்தோம், குளியலறை வாளியைக் கவிழ்த்தோம், பீரோவைத் திறந்து புடவைகளை விலக்கினோம், எங்கும் ஆளில்லை, எனக்கா ஒரே ஏமாற்றம். அப்போது கூட வந்த ஒருத்தி சுவிட்சைப் போட்டாள். ஓரமாகச் சாய்ந்திருந்த செல்லோவின் நிழல் சுவரில் விழுந்தது, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான் அந்த மனுஷன். "சென்னையில இருந்து வந்ததுல இருந்து அப்படித்தான்க்கா விழுது, நானும் பல்பை மாத்திப் பாத்துட்டேன்" என்றார் ஹெப்சிபா, குழாய் ஒழுகுவதைச் சொல்கிற குரலில். அந்த அலட்சியத்தில்தான் எனக்குச் சந்தேகம் இரட்டிப்பானது.

விஷயம் பதிவாளர் குற்றாலிங்கத்திடம் போனது. அவர் வந்து சுவரைப் பார்த்து, "அட, நிழல்தானா, நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்" என்று மூச்சுவிட்டார். ஆனால் ஆறு மணிக்கு மேல் பெண்கள் பிளாக்கில் ஆண் தங்கக் கூடாது என்று விதி இருக்கிறதே, ஆணின் நிழல் தங்கலாம் என்று எங்கே இருக்கிறது? ஒருநாள் முழுக்க யோசித்தார்கள். கடைசியில், ஆணும் பெண்ணும் ஒரே வீட்டில் இருந்தால் அது குடும்பம், குடும்பத்துக்குக் குடும்ப குவார்ட்டர்ஸ் என்று முடிவானது.

"சார், அது வாத்தியம்," என்றார் ஹெப்சிபா.

"வாத்தியத்தை யார் சொன்னா? நான் நிழலைச் சொல்றேன் மேடம்."

"நிழலும் வாத்தியத்தோடதுதான் சார்."

"வாத்தியத்தோடதா இருந்தா வாத்தியம் மாதிரியில்ல விழணும்?"

 அடுத்த வாரமே ஹெப்சிபா எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தார், வாசலில் திரு. சாலமோன் என்று பலகை மாட்டினார்கள்.

அதன் பிறகு ஊர் அவரை எப்படிக் கொண்டாடியது என்கிறீர்கள்! இத்தனை வருஷம் ஹெப்சிபாவைக் கண்டால் தலையைக் கூட ஆட்டாத ஆண்கள் வேலை மெனக்கெட்டு வந்து சுவரைப் பார்த்து "வணக்கம் சார்" என்றார்கள், பேப்பர் போடுகிறவர் சாருக்கு என்று ஆங்கிலப் பேப்பர் ஒன்று கூடுதலாகப் போட்டார், மூன்று மாதமாக வராத பிளம்பர் "சார் கூப்பிட்டாரா, இதோ வந்துட்டேன்" என்று ஓடி வந்தார், கல்யாணப் பத்திரிகைகளில் "திரு. சாலமோன் குடும்பத்தினர்" என்று எழுதி மஞ்சள் தடவிக் கொடுத்தார்கள், ரோட்டில் அவர் நிழல் விழுந்தால் மிதித்துவிடாமல் ஒதுங்கிப் போனார்கள், பொங்கல் விழாவில் தலைமை தாங்க ஆள் கிடைக்காதபோது மேடையில் ஒரு விளக்கை வைத்து அவரையே உட்காரவைத்தார்கள், அவரும் அழகாகத் தலைமை தாங்கினார், ஒரு வார்த்தை நீட்டிப் பேசவில்லை. நானே, சாருக்கு உப்பு தூக்கலா, காரம் தூக்கலா என்று கேட்டுக் குழம்பு கொடுத்தனுப்பியிருக்கிறேன். "பரவாயில்லக்கா, குழாயாவது சரியாச்சு" என்று ஹெப்சிபாவும் முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

சிரிப்பு நின்றது ஆண்டு விழாவில். அன்று அவர் வாசித்ததைக் கேட்டுவிட்டு அரங்கமே எழுந்து நின்றது. துணைவேந்தர் மாலையோடு மேடை ஏறினார், ஹெப்சிபா எழுந்து கழுத்தைக் குனிந்தார், மாலை அவரைத் தாண்டிப் போய்ப் பின்சுவரில் ஆணியில் மாட்டப்பட்டது, நிழலின் கழுத்துக்கு நேராக. "பிரமாதம் சார், கண்ல தண்ணி வந்துடுச்சு," என்றார் துணைவேந்தர் சுவரிடம். ஃபோட்டோ எடுப்பவர், "மேடம், கொஞ்சம் தள்ளிக்கோங்க, சாரை மறைக்கறீங்க" என்றார். பின்னே என்ன, யோசித்துப் பாருங்கள், நிழலில் பார்த்தால் எல்லாம் தெளிவாகத்தானே இருக்கிறது, ஆம்பளைக் குரலில் பாடுகிறவர் அவர், இவர் பின்னால் உட்கார்ந்து கழுத்தைப் பிடித்துவிட்டு வயிற்றைத் தடவிக்கொடுக்கிறார், அவ்வளவுதான். இத்தனை காலம் இவர்தான் வாசிக்கிறார் என்று நம்பினோமே என்று எங்கள் எல்லோருக்கும் ஒரு கோபம் வந்தது. இனி எதை நம்புவது?

அந்த நேரம் பார்த்து இசைத்துறைத் தலைவர் ஓய்வு பெற்றார். ஹெப்சிபா எத்தனையோ வருஷமாகக் காத்திருந்த நாற்காலி அது. தனக்குப் பின்னால் வேலைக்கு வந்த இரண்டு பேர் அதில் உட்கார்ந்து எழுந்து போனதைப் பார்த்தவர் அவர், இந்த முறை அவரை விட்டால் ஆளே கிடையாது. "ஒரே ஒரு தடவை அந்தக் கதவுல என் பேரைப் பாக்கணும்க்கா, எங்கப்பாவைக் கூட்டிட்டு வந்து காட்டணும்" என்று என்னிடம் வாய்விட்டுச் சொன்னார், கண்ணெல்லாம் அப்படி ஒரு ஆசை. ஆனால் தேர்வுக் கமிட்டியில் குற்றாலிங்கம் முதல் கேள்வியிலேயே மடக்கிவிட்டார். "பதவி ஒருத்தருக்குத்தான் மேடம். வாசிக்கிறது நீங்களா, சாரான்னு எங்களுக்குத் தெரிஞ்சாகணும்." எல்லாக் கமிட்டியிலும் ஒரு பெண் இருக்க வேண்டும் என்பதற்காக என்னையும் அதில் போட்டிருந்தார்கள்.

ஹெப்சிபா எழுந்து வந்து மேஜை மேல் இடது கையை விரித்து வைத்தார். நாலு விரல் நுனியிலும் காய்ப்பு, மரப்பட்டை மாதிரி. "பத்து வயசுல இருந்து தந்தியை அழுத்தி அழுத்தி வந்தது சார் இது. அவருக்கு விரல் இருக்கா? சொல்லுங்க, இருக்கா?"   நான்தான் பேசினேன். "பாத்திரம் தேய்ச்சாலும்தான் காய்ப்பு வரும்" என்றேன், என் கையையும் பக்கத்தில் நீட்டிக் காட்டினேன். உள்ளதைச் சொன்னேன், இதில் என்ன தப்பு? ஹெப்சிபா என் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு போய் உட்கார்ந்துகொண்டார்.

நிழல் விழாத இடத்தில் வாசித்துக் காட்டட்டும் என்று ஒருவர் யோசனை சொன்னார். விளக்கை அணைத்துவிட்டால் ஆயிற்று என்றார் இன்னொருவர், இருட்டில் யார் வாசிக்கிறார் என்று எப்படித் தெரியும் என்று அதைத் தள்ளிவிட்டார்கள். கடைசியில் சித்திரை மாதத்து உச்சிப் பொழுதில் திறந்தவெளி மேடை என்று ஏற்பாடானது. அந்த வெயிலில் செல்லோவை வெளியே எடுப்பதே பாவம், மரம் வாய் பிளந்துவிடும், தந்தி இறங்கிப்போகும். ஹெப்சிபா எடுத்தார். நெற்றி வியர்வை மூக்கு நுனியில் சொட்ட, இறங்க இறங்கத் தந்தியைச் சரிபண்ணிக்கொண்டு, கண்ணை மூடி, யாரையோ வழியனுப்பப் போய் ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டவள் மாதிரி வாசித்தார். குடை பிடித்துக்கொண்டு கேட்ட நானே குடையை மடக்கிவிட்டேன், பொய் சொல்ல மாட்டேன். நிழல் சுருங்கிச் சுருங்கி நாற்காலிக்குக் கீழே ஒரு கறுப்புப் பொட்டாகிவிட்டது. வாசித்து முடித்ததும் குற்றாலிங்கம் மேடை ஏறிக் குனிந்து நாற்காலிக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.

"இங்கதான் இருக்கார். அடியில இருந்து வாசிச்சிருக்கார்," என்றார்.

சரி, அவர் தனியாக வாசிக்கிறாரா பார்ப்போம் என்று நான் சொன்னேன், அதுதானே நியாயம். கமிட்டி அறையில் நாற்காலி மேல் செல்லோவை மட்டும் சாய்த்துவைத்து, எதிரே விளக்கைப் போட்டு, ஹெப்சிபாவை வெளியே நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். சுவரில் அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஃபேன் ஓடியது. டீ வந்தது, குடித்தோம். ஒரு சின்ன முனகல்கூட இல்லை. இனி என்ன சொல்வார்கள் என்று நான் குற்றாலிங்கத்தைப் பார்க்கிறேன், அவர் கண் கலங்கியிருக்கிறது. "மனைவி பக்கத்துல இல்லாம வாசிக்க மாட்டேங்கறார் பாருங்க," என்றார், "எவ்வளவு பெருந்தன்மை! இவரை விடத் தகுதியான ஆள் நமக்குக் கிடைக்குமா?"

எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன், நான் மட்டும் தூக்காமல் இருந்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? துறைத்தலைவர் திரு. சாலமோன், மேடம் வழக்கம்போல அவருக்கு உதவியாக இருப்பார்கள் என்று வெளியே வந்து சொன்னோம். ஹெப்சிபா அழுவார், கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "அப்ப சரி சார்" என்றார். அவ்வளவுதான். 

மறுநாள் சாயங்காலம் பதவியேற்பு. தலைவர் அறைக் கதவில் புதுப் பெயிண்டில் பெயர் எழுதியிருந்தார்கள், ஈரம்கூடக் காயவில்லை. ஹெப்சிபா அதைத் தொடாமல் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, செல்லோவைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தலைவர் நாற்காலியில் உட்காரவைத்தார். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நேராக விழுந்தது, வெள்ளைச் சுவரில் சார் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார், நாங்கள் கை தட்டினோம், காபியும் வடையும் வந்தது. அப்போது ஹெப்சிபா சுவருக்கு எதிரே போய் நின்று, கட்டினவனிடம் சொல்கிற அதே பவ்வியத்தோடு, "நீங்க இங்கயே இருங்க. நான் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுச் செல்லோவைத் தூக்கினார். நாற்காலி காலியானது. சுவரில் சார் அப்படியே இருந்தார்.

எல்லோரும் வடையை எடுத்துக்கொண்டார்கள், சூடாக இருந்தது. நான் மட்டும் ஜன்னலுக்கு ஓடினேன். ஹெப்சிபா கேட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார், ரோட்டில் நீளமாக விழுந்த நிழலில் ஒரு பெண் முதுகில் ஒரு பெட்டி வைத்திருந்தாள், பெட்டி பெட்டியாகத்தான் இருந்தது. சுடலை ஒரே ஒரு ஆளுக்கு வணக்கம் வைத்தான். போயிட்டு வாரேன் என்று சொன்னவர் வரவேயில்லை.

சாலமோன் சார்தான் இன்றைக்கும் துறைத்தலைவர். வெள்ளையடிக்கும்போது அவரைச் சுற்றி விட்டுவிட்டு அடிக்கிறார்கள். மேஜையில் வைக்கிற எதற்கும் அவர் மறுப்புச் சொல்வதில்லை, ஆகவே எல்லாம் ஒப்புதலாகிறது, இப்படிச் சண்டை சச்சரவு இல்லாத தலைவரை நாங்கள் பார்த்ததே இல்லை. துறையிலிருந்து சத்தம் எதுவும் வருவதில்லை, சார் ஆழ்ந்த ஆராய்ச்சியில் இருக்கிறார் என்று பேசிக்கொள்கிறார்கள். பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. சாயங்காலம் சுவரில் காதை வைத்துப் பார்ப்பேன், பல்லி கத்தும். ஏனோ அழுகை வரும், எனக்கே என் மேல் எரிச்சலாக இருக்கும்.

போன மாதம் பாளையங்கோட்டையில் உறவில் ஒரு கல்யாணம், நான் மட்டும் போயிருந்தேன். பந்தி முடிந்து வெளியே வந்தால் அடுத்த காம்பவுண்டில், ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்து ஹாலிலிருந்து, அந்தத் தொண்டை கனத்த குரல். கால் தானாகப் போயிற்று. மேடையில் ஹெப்சிபா, தலை நரைத்துவிட்டது, நாற்காலிகள் நிறையப் பிள்ளைகள். பின்சுவரைப் பார்த்தேன், முதலில் அதைத்தான் பார்த்தேன், ஒரு பெண்ணின் நிழல், ஒரு வாத்தியத்தின் நிழல், வேறு யாரும் இல்லை. எங்கள் வளாகத்தில் வாசித்ததை விட நன்றாக வாசித்தார். நான் அழுதுவிட்டேன், முந்தானையால் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. வாசித்து முடிந்து பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டதும் நான் மெல்ல மேடைக்குப் பின்னால் போய்த் திரையை விலக்கிப் பார்த்தேன். இரண்டு உடைந்த பெஞ்சு, ஒரு தண்ணீர் டிரம், அவ்வளவுதான். டிரம்முக்குப் பின்னாலும் பார்த்தேன்.

"யாரைத் தேடுதீங்க அக்கா?" என்று முதுகுக்குப் பின்னால் குரல்.

திருதிருவென்று விழித்தேன். "சார் நல்லா இருக்கார் ஹெப்சிபா," என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"இருக்கட்டும், இருக்கட்டும்," என்று சிரித்தார். கோபமே இல்லை, அதுதான் என்னைச் சுட்டது. பிறகு என் கையைப் பிடித்து விரல்களைத் திருப்பிப் பார்த்தார், அன்றைக்கு மேஜையில் பார்த்த அதே பார்வை. "தவளைப் புத்தகம் அடுத்த பதிப்பு வந்துட்டாக்கா? மழை பெய்யும்போதெல்லாம் குளத்துக் கரையில குடையோட உட்கார்ந்து எழுதுவீங்களே, நான் மாடியில இருந்து தினம் பாப்பேன்."

நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். வெயில் சாய்ந்திருந்தது, ரோடு முழுக்க எனக்கு முன்னால் நிழல் நீண்டு போய்க்கொண்டிருந்தது, நான் அதைப் பார்க்காமல் கடைகளையே பார்த்துக்கொண்டு நடந்தேன். கல்யாண வீட்டில் கொடுத்த தாம்பூலப் பை ஒன்றுதான் கையில், ஆனாலும் தோளும் இடுப்பும் விட்டுப்போகிற மாதிரி ஒரு கனம். பஸ் படியில் காலை வைத்தபோது கண்டக்டர் கீழே நின்றுகொண்டு ரோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் ரோட்டைப் பார்த்தார்.

"எத்தனை டிக்கெட்மா?" என்று கேட்டார்.

"ஒண்ணு," என்றேன். பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன், "ஒண்ணே ஒண்ணு."